ராமா, எஸ்எஸ்டியா, இயங்குதளமா? மெதுவாகிவிட்ட அலுவலகக் கணினியில் எதை முதலில் மாற்றுவது

அலுவலகத்தில் ஒரு கணினி இழுக்க ஆரம்பித்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ராம் (ஓடும் நிரல்கள் தற்காலிகமாகத் தங்கும் நினைவகம்) கூட்டு என்பார் ஒருவர். எஸ்எஸ்டி (சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க்) மாட்டு என்பார் இன்னொருவர். ஃபார்மட் அடி, விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடு, இதைக் கழித்துவிட்டு வேறு வாங்கு என்று வரிசை நீளும். இவற்றில் எதுவும் தவறான யோசனை அல்ல, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கணினிக்குப் பொருந்தும். சிக்கல் என்னவென்றால், உங்கள் மேஜையில் இருக்கும் கணினி எந்த ரகம் என்று பார்க்காமலே முடிவெடுக்கிறோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2 ஜிபி ராம் மட்டும் உள்ள விண்டோஸ் கணினியில் ராமைக் கூட்டாமல் செய்யும் எந்தச் செலவும் வீண். 8 ஜிபி ராமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினிக்கு எஸ்எஸ்டி போதும், ராமைத் தொட வேண்டியதில்லை. குழப்பமெல்லாம் நடுவில் நிற்கும் 4 ஜிபி கணினியில்தான். அதில் இரண்டையும் செய்ய முடிந்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால், எது என்பதை ஒரே ஒரு கோப்பு சொல்லிவிடும். அதன் பெயர் பேஜ்ஃபைல்.

ராம் போதாவிட்டால் விண்டோஸ் வேலையை நிறுத்துவதில்லை. அப்போதைக்குத் தேவைப்படாத நினைவகப் பக்கங்களை டிஸ்க்கில் இருக்கும் பேஜ்ஃபைலுக்குத் தள்ளிவிட்டு, கேட்கும்போது திரும்ப எடுத்து வருகிறது. அதனால் ராம் பற்றாக்குறை வெளியே தெரிவது டிஸ்க்கின் ஓயாத ஓட்டமாகத்தான். டிஸ்க்கே மெதுவாக இருந்தாலும் அதே ஓட்டம், அதே காத்திருப்பு. இரண்டு கோளாறுக்கும் அறிகுறி ஒன்று. அதனால்தான் ராம் கூட்டியும் சரியாகாத கணினிகளும், எஸ்எஸ்டி போட்டும் மூன்று மாதத்தில் மறுபடி முனகும் கணினிகளும் இருக்கின்றன.

டிஸ்க் எவ்வளவு மெதுவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய இடம் ஹெட்டுக்கு (தரவைப் படிக்கும் முனை) கீழே வந்து சேரச் சராசரியாக அதில் பாதி. ஹெட் நகர்ந்து சரியான தடத்துக்குப் போக இன்னும் 8 அல்லது 9 மில்லிவினாடி. ஆக, எங்கோ கிடக்கும் ஒரு சின்னத் துண்டை எடுக்க 12 மில்லிவினாடிக்கு மேல் ஆகிறது. வினாடிக்கு 80 துண்டு கிடைத்தால் பெரிது. நினைவகப் பக்கம் ஒன்றின் அளவு 4 கேபி. பேஜ்ஃபைலுக்குப் போன 200 எம்பி திரும்ப வர வேண்டும், அது முழுக்கச் சிதறிக் கிடக்கிறது என்று வையுங்கள். 51,200 பக்கங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். விண்டோஸ் பக்கங்களைக் கொத்தாக எடுப்பதால் நடைமுறையில் அவ்வளவு ஆகாது. ஆனாலும் உணவு இடைவேளை முடிந்து வந்து எக்செலைச் சொடுக்கினால் வெள்ளைத் திரை அப்படியே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் பொருந்தும் சாதாரண எஸ்எஸ்டி ஒரு துண்டை 0.1 மில்லிவினாடி அளவில் கொடுத்துவிடும். மேலே சொன்ன 51,200 பக்கமும் ஐந்து வினாடியில் முடிந்துவிடும். எஸ்எஸ்டியைப் புகழ்கிறவர்கள் சும்மா புகழவில்லை. ஆனால் அந்தப் பக்கம் ராமிலேயே இருந்திருந்தால் ஏறக்குறைய 100 நானோவினாடியில் கிடைத்திருக்கும். அது எஸ்எஸ்டியைவிட ஆயிரம் மடங்கு விரைவு. எஸ்எஸ்டி ராம் பற்றாக்குறையைத் தாங்கிக்கொள்ள வைக்கிறது, நீக்குவதில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒப்பீடு முழுவதும் எளிதாகிவிடும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது

காலையில் கணினி ஏறியவுடன் பார்த்துப் பயனில்லை. அந்த மேஜையில் உட்கார்பவர் தன் வழக்கமான எல்லாவற்றையும் திறந்து வைத்து மும்முரமாக வேலை செய்யும் நேரத்தில் பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள்.

கணக்குப் பிரிவு மேஜை ஒன்றில் கண்டதைச் சொல்கிறேன். 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. திறந்திருந்தவை கணக்கு மென்பொருள், இரண்டு எக்செல், ஒரு பிடிஎஃப், பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு டேப். மெமரி 91 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம். ஆனால் டிஸ்க்கிலிருந்து வரும் தரவின் வேகம் வினாடிக்கு 1.4 எம்பிதான். பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படித்தால் வினாடிக்கு 100 எம்பி தரக்கூடிய டிஸ்க் அது. நூறு சதவீதம் உழைத்து ஒன்றரை எம்பி கூடத் தரவில்லை என்றால் ஹெட் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று பொருள்.

அடுத்து ரிசோர்ஸ் மானிட்டர். பெர்ஃபார்மன்ஸ் பகுதியிலேயே அதற்கு இணைப்பு உண்டு. அங்கே டிஸ்க் பிரிவில் எந்தக் கோப்பு அதிகம் படிக்கப்படுகிறது, எழுதப்படுகிறது என்று வரிசைப்படுத்திப் பார்க்கலாம். அந்த மேஜையில் முதலிடத்தில் பேஜ்ஃபைல்.சிஸ். மெமரி பிரிவில் ஹார்ட் ஃபால்ட்ஸ் (ராமில் இல்லாமல் டிஸ்க்கிலிருந்து எடுக்க நேர்ந்த தடவைகள்) வினாடிக்கு நூற்றுக்கணக்கில். டாஸ்க் மேனேஜரில் கமிட்டட் என்ற இடத்தில் 6.8 ஜிபி. அதாவது 4 ஜிபி ராம் உள்ள கணினியிடம் கிட்டத்தட்ட 7 ஜிபி நினைவகம் கேட்கப்பட்டிருந்தது. இது ராம் நோய், சந்தேகமே வேண்டாம்.

அதே மாடல், அதே வயதுள்ள பக்கத்து மேஜைக் கணினி. அங்கும் டிஸ்க் 100 சதவீதம். ஆனால் மெமரி 60 சதவீதத்தில் நின்றது. முதலிடத்தில் இருந்தவை வைரஸ் தடுப்பின் ஸ்கேன், விண்டோஸ் அப்டேட், தேடல் அட்டவணை. அங்கே ராம் வாங்கிப் போட்டால் ஒரு மாற்றமும் தெரியாது. எஸ்எஸ்டிதான் தீர்வு.

மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. மெமரி பயன்பாடும் குறைவாக இருக்கும், டிஸ்க் போக்குவரத்தும் குறைவாக இருக்கும், ஆனால் ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் (டிஸ்க் பதில் தர எடுக்கும் சராசரி நேரம்) மட்டும் நூற்றுக்கணக்கான மில்லிவினாடிக்கு ஏறும். அது டிஸ்க் சாகப்போகும் அடையாளமாக இருக்கலாம். டிஸ்க் தன் நலம் பற்றித் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் அறிக்கையைக் காட்டும் கருவி எதையாவது ஓடவிட்டு, மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்), காத்திருக்கும் செக்டர்கள் என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். அவை பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் வேகத்தைப் பற்றிய பேச்சு அப்புறம். முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள்.

இவை எதிலும் சேராத சில உண்டு. பிராசசர் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் தூசி அடைத்த விசிறி, காய்ந்த தெர்மல் பேஸ்ட், மடிக்கணினியானால் பொருந்தாத சார்ஜர் என்று தேட வேண்டும். வேர்ட் மட்டும் திறக்க நேரமெடுத்தால் இயல்பு அச்சுப்பொறியாக வைத்திருப்பது நெட்வொர்க்கில் இல்லாத ஒன்றா என்று பாருங்கள். இதற்கெல்லாம் ராமும் வேண்டாம், எஸ்எஸ்டியும் வேண்டாம்.

காசில்லாமல் செய்யக்கூடியது எவ்வளவு தூரம் போகும்

ஓரளவு போகும். 4 ஜிபி கணினியில் அரை ஜிபி மீண்டாலே அது பெரிய விஷயம். ஸ்டார்ட்அப் பட்டியலில் அன்றாடம் தேவைப்படாததையெல்லாம் முடக்குங்கள். இரண்டு வைரஸ் தடுப்பு இருந்தால் ஒன்றை முழுக்க நீக்குங்கள், பழைய கணினியை இதைவிட மோசமாக அழுத்துவது வேறில்லை. பிரவுசரில் பயன்படுத்தாத டேப்களைத் தூங்க வைக்கும் வசதியை இயக்குங்கள். பிரவுசர்தான் இன்றைய அலுவலகக் கணினியில் ராமை அதிகம் விழுங்குவது. அதற்குக் காரணமும் உண்டு. பாதுகாப்புக்காக ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி புராசஸில் அடைக்கும் முறையை 2018-இல் குரோம் 67 இயல்பாக்கியது. அதனால் நினைவகச் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே சொன்னது. பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை அது, அதை அணைக்கச் சொல்லமாட்டேன்.

இன்னொன்றை நிறையப் பேர் கவனிப்பதில்லை. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி வந்தது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்பகுதி முழுக்க அணைவதில்லை, டிஸ்க்கில் உறைய வைக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுகிறது. தினமும் அணைக்கிறேன் என்று சொல்பவரின் கணினியில் அப்டைம் (அணையாமல் ஓடிய நேரம்) இருபது நாள் என்று காட்டுவது இதனால்தான். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுக்க அணைந்து புதிதாக எழும், வாரம் ஒருமுறையாவது அதைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. ராமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்கள் ஓடிக்கொண்டிருப்பவற்றின் பக்கங்களை வலுக்கட்டாயமாக வெளியே தள்ளுகின்றன. காட்டப்படும் எண் குறையும், அடுத்த சொடுக்கில் எல்லாம் டிஸ்க்கிலிருந்து திரும்ப வர வேண்டும். பேஜ்ஃபைலை அணைத்துவிட்டால் வேகம் கூடும் என்பதும் தவறு. 4 ஜிபி கணினியில் அதைச் செய்தால் சேமிக்காத எக்செல் பாதியில் மூடிக்கொள்ளும் நாள் வெகு தூரத்தில் இல்லை.

ராம் கூட்டுவது

வேலை எளிது. இரண்டு திருகு, ஒரு கிளிப். ஆனால் வாங்குவதில்தான் வழுக்குகிறது. டிடிஆர்3, டிடிஆர்4 என்பவை ராமின் இரு தலைமுறைகள், இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. மேஜைக் கணினியில் டிடிஆர்3-க்கு 240 பின், டிடிஆர்4-க்கு 288. மடிக்கணினியில் முறையே 204, 260. டிடிஆர்3-லேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு உண்டு, சில மடிக்கணினிகள் 1.35 வோல்ட் ரகத்தை மட்டுமே ஏற்கும். சர்வரில் இருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ராம் சாதாரண அலுவலகக் கணினியின் மதர்போர்டில் வேலை செய்யாது, குறைவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். இன்னும் பழைய போர்டுகள் பலவற்றில் 4 ஜிபி ராமில் எட்டுச் சில்லுகள் இருந்தால் படிக்காது, பதினாறு சில்லுகள் உள்ளதுதான் வேண்டும். உள்ளே இருப்பதைக் கழற்றி அதன் மேல் ஒட்டிய தாளைப் படித்துவிட்டு வாங்கப் போவதே நல்லது. எத்தனை ஸ்லாட், எத்தனை காலி என்பதை டாஸ்க் மேனேஜரே காட்டும்.

இயங்குதளம் 32 பிட்டா என்று முதலில் பாருங்கள். 32 பிட் விண்டோஸில் 8 ஜிபி போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் பயன்படாது, உண்மையில் கைக்கு வருவது 3 ஜிபியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 64 பிட்டுக்கு மாற முழுதாக மறுநிறுவல் செய்ய வேண்டும். ராம் செலவோடு அந்த அரை நாள் வேலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

4-இலிருந்து 8-க்குப் போவதுதான் உண்மையான பலன் தரும் படி. வழக்கமான எழுத்து, கணக்கு, மின்னஞ்சல் வேலைக்கு 8-இலிருந்து 16-க்குப் போனால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. கமிட்டட் எண் 8-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

எஸ்எஸ்டி மாட்டுவது

கணினி பழையது, அதில் பழைய சாட்டா 2 இணைப்புதான் இருக்கிறது, எஸ்எஸ்டியின் வேகம் வீணாகும் என்று தயங்குகிறவர்கள் உண்டு. தயங்க வேண்டாம். சாட்டா 2 வினாடிக்கு 300 எம்பி வரை கடத்தும். எஸ்எஸ்டியின் உச்ச வேகம் 550 எம்பி என்பதில் பாதி போகும், அது பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது மட்டும் தெரியும். அலுவலகக் கணினியின் நாள் முழுக்கச் சின்னச் சின்னத் துண்டுகளை எடுப்பதில்தான் கழிகிறது. அந்த 12 மில்லிவினாடி 0.1 ஆவது சாட்டா 2-லும் அப்படியே கிடைக்கும்.

ராம் குறைவான கணினியில் பேஜ்ஃபைல் ஓயாமல் எழுதி எஸ்எஸ்டியைச் சீக்கிரம் தேய்த்துவிடும் என்ற பயமும் கேட்கிறேன். சாதாரண 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்கு 80 டெராபைட் எழுத்துவரை உத்தரவாதம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் 4,000 நாள், ஏறக்குறைய 11 ஆண்டு. அந்தக் கணினி அதற்கு முன் போய்ச் சேர்ந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அப்படியே குளோன் செய்து எஸ்எஸ்டிக்கு மாற்றலாம், புதிதாக நிறுவவும் செய்யலாம். உரிமம் பெற்ற கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பல ஆண்டு அமைப்புகள் இருக்கும் மேஜையில் நான் குளோன்தான் செய்வேன். டிஸ்க்கில் ஏற்கெனவே பிழை இருந்தால் குளோனைவிடப் புது நிறுவலே மேல்.

எனவே 4 ஜிபி கணினிக்கு எது முதலில்? நாள் முழுக்கப் பேஜ்ஃபைல் முதலிடத்தில் நிற்கிறது என்றால் ராம். இல்லையென்றால் எஸ்எஸ்டி. ஆனால் இந்த விதியைச் சற்று எஸ்எஸ்டி பக்கம் சாய்க்கும் ஒரு விஷயம் இருக்கிறது. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியைக் கழற்றி அடுத்த கணினியில் மாட்டிக்கொள்ளலாம். டிடிஆர்3 ராம் அந்தக் கணினியோடு முடிந்தது. இன்னும் ஓராண்டோ இரண்டாண்டோதான் ஓடப்போகிறது என்று தெரிந்த கணினிக்கு எஸ்எஸ்டியே பாதுகாப்பான செலவு.

ஒரே மாடல் கணினிகள் பல இருக்கும் அலுவலகத்துக்கு எதையும் வாங்காத வழி ஒன்று உண்டு. மூன்று 4 ஜிபி கணினிகளில் ஒன்றை ஓய்வுபெற விட்டு, அதன் ராமை அதிகம் தவிக்கும் மேஜைக்குக் கொடுங்கள். மூன்று பேர் அவதிப்படுவதற்குப் பதில், அடிக்கடி பயன்படாத ஒரு கணினியை இழப்பது பல இடங்களில் பரவாயில்லை. ராம் பொருந்தாமல் போகும் அபாயமும் இதில் இல்லை.

இயங்குதளத்தை மாற்றுவது

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குத்தான், அதுவும் நிறுவனங்களுக்கு அதிகபட்சம் மூன்றாண்டு. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (நம்பகமான இயங்குதளத்தை மட்டும் ஏற்றும் வசதி). இன்டெலில் சில விதிவிலக்குகள் தவிர 8-வது தலைமுறை பிராசசரிலிருந்துதான் ஆதரவு. 4 ஜிபியில் விண்டோஸ் 11 ஏறும் என்பதற்கும் வேலை செய்ய முடியும் என்பதற்கும் இடையே வெகு தூரம். ஆகவே, ராமும் எஸ்எஸ்டியும் போட்டு வேகமாக்கினாலும், பழைய பிராசசர் கணினி விண்டோஸில் எத்தனை நாள் பாதுகாப்பாக இருக்கும் என்ற கேள்வி தனியாக நிற்கிறது. வேகம் மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

லினக்ஸ் இங்கே உண்மையான போட்டியாளர். எக்ஸ்எஃப்சிஇ திரையுடன் வரும் லினக்ஸ் மின்ட், எல்எக்ஸ்க்யூடி திரையுடன் வரும் லுபுண்டு போன்றவை விண்டோஸைவிடக் குறைந்த ராமில் உட்கார்ந்துகொள்ளும். டிஸ்க்குக்குத் தள்ளும் முன் ராமிலேயே சுருக்கி வைக்கும் இசட்ராம் வசதியும் கிடைக்கிறது. பிரவுசர், மின்னஞ்சல், லிப்ரேஆஃபிஸ் என்ற அளவில் வேலை செய்யும் மேஜைக்கு, வரவேற்பறைக் கணினிக்கு, ஸ்கேன் எடுக்கும் கணினிக்கு இது நிறைவான வழி. ஆனால் டேப்கள் எந்த இயங்குதளத்திலும் அதே ராமைத்தான் கேட்கும். மிச்சமாவது இயங்குதளத்தின் பங்கு மட்டும். கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமானது, எக்செல் மேக்ரோக்கள் நிறைய, ஸ்கேனருக்கு லினக்ஸ் டிரைவர் இல்லை என்றால் அந்த மேஜையில் முயல வேண்டாம். நிறுவும் முன் பென் டிரைவிலிருந்து லைவாக ஓட்டி, அச்சுப்பொறியில் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள்.

எல்லாமே பிரவுசரில்தான் என்றால் கூகுளின் இயங்குதளமான குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸும் உண்டு. அதுவும் 4 ஜிபி ராம் கேட்கிறது, 2 ஜிபி கணினியை அது காப்பாற்றாது.

ரிமோட் டெஸ்க்டாப்

பழைய கணினிகளை வெறும் திரையாக வைத்துக்கொண்டு வேலையை ஒரு வலுவான சர்வரில் ஓட்டுவது பத்துப் பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் யோசிக்கத் தக்கது. மேஜையில் 2 ஜிபி இருந்தாலும் போதும். ஆனால் ஆளுக்கு 2 ஜிபி என்றாலும் பத்துப் பேருக்கு 20 ஜிபி சர்வரில் வேண்டும், ஒவ்வொரு பயனருக்கும் இணைப்பு உரிமம் வேண்டும். சாதாரண விண்டோஸ் புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும், அதை வைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். சர்வர் நின்றால் அத்தனை பேரும் நிற்பார்கள். கணினிகளைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இல்லாத அலுவலகத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கழித்துவிட்டு வேறு வாங்குவது

ராம் சாலிடர் செய்யப்பட்டுக் கூட்ட முடியாத மடிக்கணினி, 2 ஜிபிக்கு மேல் ஏற்காத போர்டு, கண்டென்சர் உப்பிய போர்டு, இவற்றில் செலவு செய்ய வேண்டாம். 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புதுப்பிக்கப்பட்ட கணினியை 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியுமாக எடுப்பது, குறைந்த விலைக்கென 4 ஜிபி ராமோடு வரும் புத்தம்புதுக் கணினியைவிட நல்ல முடிவு. புதுக் கணினி என்ற பெயரில் பழைய நோயையே திரும்ப வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்த வழியானாலும் எல்லா மேஜையிலும் ஒரே நாளில் இறங்காதீர்கள். ஒரு கணினியில் மட்டும் மாற்றி, பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து முதல் எக்செல் திறக்கும் வரை ஆகும் நேரத்தை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கைக்கடிகாரத்தில் பிடியுங்கள். ஒரு வாரம் அதே ஆள் அதே வேலையைச் செய்யட்டும். மதியம் மறுபடி டாஸ்க் மேனேஜரைத் திறந்து அதே எண்களைப் பாருங்கள். எஸ்எஸ்டி போட்ட பிறகும் பேஜ்ஃபைல் முதலிடத்தில் நின்றால் அடுத்த மேஜைகளுக்கு ராமையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை உடனே அழிக்காமல், எந்த மேஜை, எந்த நாள் என்று எழுதி ஒட்டி ஒரு மாதம் பூட்டி வையுங்கள். குளோனில் ஏதாவது விடுபட்டிருந்தால் அப்போதுதான் தெரியவரும். அதன் பிறகு முழு டிஸ்க்கையும் மேலெழுதித் துடைத்துவிட்டுத்தான் கழிவுக்கு அனுப்ப வேண்டும். சம்பளப் பட்டியலும் கடவுச்சொற்களும் அதில்தான் இருக்கின்றன, க்விக் ஃபார்மட் மட்டும் அடித்தால் அவை போய்விடாது.